காலிமனையில் முள்ளுக் கத்தரி
(வேலூர், சத்துவாச்சாரிப் பகுதிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே, இந்த மண்டலத்தின் மாமன்ற உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் தோட்டக்கலைத் துறை உதவி இயக்குநர் அவர்களே, பள்ளிக் கூடத்தையும் மின்விசிறிகளையும் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, 'நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போங்கள்' என்ற ஒரே நிபந்தனையை விதித்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மேடையில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும் என்று நம் செயலாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். மேயர் அவர்கள் அடுத்து காட்பாடி நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருப்பதால், அந்தத் தாளை அவரவரிடமே கொடுத்துவிடுகிறேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

நகரத்துக் காலி இடங்களில் தெருவாசிகளே கூடிக் காய்கறித் தோட்டம் போடுவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நிலம், நீர், ஆள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு பேசலாம் என்றிருக்கிறேன். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஆடி பிறக்க இரண்டு மாதம்கூட இல்லை. கத்தரி நாற்று நடும் பதத்துக்கு வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்கும் முன்னால் இடத்தைச் சுத்தம் செய்து, பாத்தி எடுத்து, எரு போட்டு ஆறவிட வேண்டும். ஆகவே நாம் விதைக்க வேண்டியதைப் பற்றி இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்த ஒரு மனை இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். தொலைபேசியில் அவரிடம் அனுமதி கேட்டு, நாங்கள் சிலர் அதைத் துப்புரவு செய்து, இலவம்பாடி முள்ளுக் கத்தரி நட்டோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் கத்தரி அது. இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு அதன் ருசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதன் காம்பிலும் தண்டிலும் இலை நரம்பிலும் முள் இருக்கும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அறியாத ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காய் பறிக்கும் பருவத்தில், ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றிருந்த நேரம், யாரோ உள்ளே புகுந்து ஒரு பாத்தியையே துழாவியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் பறித்த காய்களில் பாதி அங்கேயே சிதறிக் கிடக்கின்றன. வாசற்படலுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. யாரென்று தெரியவில்லை. எட்டு மணி வாக்கில் பால் வாங்க வந்த நம் நண்பர் ஒருவர் வலது கையின் நான்கு விரல்களிலும் துணி சுற்றிக்கொண்டு, பால் பாக்கெட்டை இடது கையால் வாங்குகிறார். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் தெரு ஆயா அவரை மேலும் கீழும் பார்த்தார், செருப்பையும் பார்த்தார். 'ஏன் நைனா, என்னைக் கேட்டிருந்தா கத்தியாலே காம்பறுத்துக் கூடையிலே போட்டுத் தந்திருப்பேனே, ராத்திரியிலே தடவிப் பாக்குற காயா அது?' என்றார். தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வது! மறுவாரத்திலிருந்து மாலைத் தண்ணீர் அவர் பொறுப்பு. இன்றைக்கும் அந்தத் தோட்டத்துக்கு அவரைவிட நல்ல காவல்காரர் கிடையாது. அவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். எங்கே என்று காட்டமாட்டேன்.

வேலியோ சங்கிலியோ செய்யாத வேலையை அந்த முள் செய்தது. ஆனால் அத்தனையும் ஒரு தொலைபேசி வார்த்தையை நம்பி நடந்தது என்பதுதான் என் கவலை. இங்கே நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மனை உரிமையாளர்கள் அனுமதி தரத் தயங்குவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அன்று. 12 ஆண்டு அனுபவித்தவன் நிலத்தைச் சொந்தம் கொண்டாடிவிடுவான் என்ற அச்சம். உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர், அந்த அனுமதியின் பெயரில் இருக்கும்வரை, எத்தனை காலம் இருந்தாலும் அந்த உரிமையைக் கோர முடியாது. எனவே முத்திரைத்தாளில், காலவரையறையோடு, கட்டடம் எதுவும் எழுப்பமாட்டோம், கேட்டதும் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது அவருக்கும் பாதுகாப்பு, நமக்கும் மரியாதை.

தனியார் மனையைவிடப் பெரிய வாய்ப்பு நம் எல்லோருடைய கண்ணெதிரேயும் கிடக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று இருக்கும் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தால், இடித்த வீட்டுச் செங்கல்லும் ஜல்லியும் குவிந்திருக்கும், நாலு கார்கள் நிற்கும், ஒரு மூலையில் யாரோ கொட்டகை போட்டிருப்பார்கள். 1959ஆம் ஆண்டிலேயே பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குப்பை லாரி மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

பூங்காவைத் தோட்டமாக்குவது பூங்காவை விழுங்குவதாகாதா என்று ஓர் அன்பர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். நிலம் மாநகராட்சியுடையதாகவே இருக்க வேண்டும். பூட்டுப் போடக் கூடாது. குழந்தைகள் ஓடியாட இடம் விட வேண்டும். விளைந்ததை விற்கக் கூடாது. ஓரங்களில் அரளிக்குப் பதில் முருங்கையும், நடுவில் குரோட்டன்சுக்குப் பதில் கத்தரியும் வெண்டையும் இருந்தால் அது பூங்கா இல்லை என்று யார் சொல்லிவிட முடியும்?

நீரைப் பற்றி ஓரிரு வார்த்தை. குழாயில் வரும் காவிரி நீரைச் செடிக்கு ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அவ்வளவு தொலைவிலிருந்து வருவது குடிப்பதற்காக. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அந்த மழையில் எத்தனை பூங்காக்களில் ஓர் உறிஞ்சுகுழியாவது நிரம்பியது? குளியலறை நீரை ஒரு கல்வாழைப் பாத்தி வழியாக வடியவிட்டால் முருங்கைக்கும் வாழைக்கும் அதுவே போதும். கீரைக்கு மட்டும் அதை விடாதீர்கள். மண்ணையும் சோதிக்காமல் நடக் கூடாது. தோல் தொழில் சூழ்ந்த பகுதியில் வாழ்கிறோம். தோல் பதனிடும் கழிவிலிருந்து மண்ணில் சேரும் குரோமியம் என்ற நச்சு உலோகத்தின் பெயர் நமக்குப் புதிதன்று. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்டு, மண்ணின் தன்மை தெரியும்வரை வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் மக்கு உரமும் போட்ட மேட்டுப்பாத்தியில் பயிரிடலாம். உரத்துக்கு மாநகராட்சியின் நுண் உரமாக்கும் மையங்களே இருக்கின்றன.

ஆள் என்ற மூன்றாவது தலைப்புக்கு நேரமில்லை என்று தலைவர் மணியடிக்கிறார். ஆயாவின் கதையிலேயே அதில் பாதி வந்துவிட்டது.

மேயர் அவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு வார்டிலும் தானப் பத்திரத்தின் வழியாக மாநகராட்சிக்கு வந்த திறந்தவெளிகளின் பட்டியலை, புல எண்ணோடும் பரப்போடும், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அவற்றுள் ஆக்கிரமிப்பு இல்லாத இடங்களில் தோட்டம் போட, பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கங்களுக்கு மூன்று ஆண்டுக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுக்கும் தீர்மானத்தை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் கொண்டுவாருங்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்றவர்கள், கோப்பு திரும்பி வரும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. மனுவின் மூன்று படிகளை இப்போதே உங்கள் உதவியாளரிடம் தருகிறோம். கையெழுத்திட விரும்புகிறவர்களுக்கு வாசல் மேசையில் இன்னொரு படி இருக்கிறது. வார்டு எண்ணையும் தெருப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.