ஒற்றை ஆளின் படமும் அதைத் தேடிப்போன குழுவும்: 'செல்லுலாய்ட்' உருவான விதம்

(திரையில்: வெற்று வெள்ளைத் திரை. புரொஜெக்டர் ஓடும் ஓசை மட்டும்.)

ஒரு நடிகரின் வாழ்க்கையைப் படமாக்க முனைகிறவர்கள் முதலில் அவர் நடித்த படங்களைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். நடை, நிற்கும் விதம், கண்ணின் அசைவு என எல்லாவற்றுக்கும் ஆதாரம் அங்கேதான் கிடைக்கும். 1992இல் சார்லி சாப்ளினாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியருக்கு அந்த வசதி வேண்டிய அளவு இருந்தது. 2013 பிப்ரவரியில் வெளியான 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படத்தின் குழுவுக்கோ அது துளியும் இல்லை. அவர்கள் படமாக்க எடுத்துக்கொண்ட ஜே.சி. டேனியல் நடித்த ஒரே படமும், மலையாளத்தின் முதல் திரைப்படமுமான 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தின் சுருள் இன்று எங்கும் இல்லை.

டேனியல் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. குடும்பச் சொத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கதை எழுதி, இயக்கி, தாமே படம்பிடித்து, தொகுத்து, அதில் முக்கிய வேடத்திலும் நடித்தார். அந்தப் படத்துக்கு எழுத்தோட்டம் என ஒன்று போட்டால் பெரும்பாலான வரிகளில் ஒரே பெயர்தான் வரும். மற்றவர்கள் புராணக் கதைகளை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இலங்கைக்குக் கடத்திச் செல்லப்படும் ஒரு சிறுவனைப் பற்றிய சமூகக் கதையை அவர் தேர்ந்தெடுத்தார். படம் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. திரையிடப்பட்ட இடம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கு என்பதில் மட்டும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த ஒற்றை ஆள் செய்த வேலைகளை 'செல்லுலாய்ட்' படத்தில் யார் யார் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று பார்ப்போம்.

(திரையில்: இயக்குநர் கமலின் புகைப்படம்.)

எழுத்து, இயக்கம் இரண்டும் கமல். தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் வேறொருவர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், இவர் மலையாள இயக்குநர் கமல் என்று ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுவது நல்லது. அவருடைய திரைக்கதைக்கு இரண்டு நூல்கள் அடிப்படை. ஒன்று, பத்திரிகையாளரும் திரைப்பட வரலாற்றாசிரியருமான சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியலின் வாழ்க்கை வரலாறு. மற்றொன்று, 'விகதகுமாரன்' படத்தின் நாயகி பி.கே. ரோஸியைப் பற்றி வினு ஆபிரகாம் எழுதிய 'நஷ்ட நாயிகா' என்ற நாவல். முதலாவது தகவல்களைத் தேடித் தொகுத்த எழுத்து. இரண்டாவது, தகவல் கிடைக்காத இடங்களைக் கற்பனையால் இட்டு நிரப்பிய எழுத்து. படத்தைக் கூர்ந்து பார்த்தால் எந்தக் காட்சி எந்த நூலின் வழி வந்தது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

டேனியலாக நடித்தவர் பிருத்விராஜ். 'மொழி' படத்தின் வழியாகத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு நன்கு அறிமுகமான அவர், இதில் இளமையின் துடிப்போடு கேமராவைத் தோளில் சுமந்து அலையும் டேனியலாகவும், எல்லாவற்றையும் இழந்து தளர்ந்துபோன முதியவராகவும், அந்த முதியவரின் மகனாகவும் தோன்றுகிறார். இரட்டை வேடம் என்பது நம் திரையில் பெரும்பாலும் கைதட்டலுக்காக வைக்கப்படுவது; இங்கே அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. தந்தையின் படச்சுருளைச் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக எரித்துவிட்டவன் அந்த மகன். மௌனப்பட காலத்துச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. பொறி பட்டால் போதும், பற்றிக்கொண்டு நொடியில் எரிந்து முடிந்துவிடும். படத்தை எடுத்தவனுக்கும் அழித்தவனுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்ததுதான் இயக்குநரின் ஆகச்சிறந்த முடிவு என்பேன்.

மனைவி ஜேனட்டாக 'சிவப்பதிகாரம்' படத்தில் நாம் பார்த்த மம்தா மோகன்தாஸ் நடித்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனாக வருபவர் ஸ்ரீநிவாசன். குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் பாத்திரம் அது. கேட்பதையே நடிப்பாக்குவது எளிதல்ல என்பதை அவர் வரும் காட்சிகளில் காணலாம்.

(திரையில்: கையால் சுழற்றும் பழைய திரைப்படக் கேமராவின் படம்.)

ஒளிப்பதிவு வேணு. கமல்ஹாசனின் 'குணா' படத்தில் கொடைக்கானல் குகையைக் கண்முன் நிறுத்தியவர் என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். கையால் சுழற்றும் கேமராவைக் கொண்டு ஒருவர் படம் எடுப்பதை நவீனக் கேமராவால் படம்பிடிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. கலை இயக்குநர் சுரேஷ் கொல்லம், ஆடை வடிவமைப்பாளர் எஸ்.பி. சதீசன், ஒப்பனைக் கலைஞர் பட்டணம் ரஷீத் ஆகியோர் 1920களின் திருவிதாங்கூரை மீண்டும் கட்டி எழுப்பினார்கள். ஒரு சட்டையின் காலர் தவறினாலும் காலம் குலைந்துவிடும் கதை இது. அந்த ஆண்டின் கேரள மாநில விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளோடு கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு ஆகியவற்றுக்கான விருதுகளும் இந்தப் படத்துக்கே வந்தன. தேசிய விருதுகளில் சிறந்த மலையாளப் படமாகவும் இதுவே தேர்வானது.

மௌனப்படத்தைப் பற்றிய படத்தில் அதிகம் பேசப்பட்டது பாட்டு என்பது வேடிக்கைதான். எம். ஜெயச்சந்திரன் இசையில் ஜி. ஸ்ரீராமும் வைக்கம் விஜயலட்சுமியும் பாடிய 'காற்றே காற்றே' என்ற பாடலை, கிராமபோன் காலத்து இசைத்தட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்துப் போட்டதைப் போலவே உணர்வோம். ஒற்றைத் தந்தியுள்ள காயத்ரி வீணையை வாசிப்பவரான விஜயலட்சுமி, அதற்கு அடுத்த ஆண்டே டி. இமான் இசையில் தமிழிலும் பாடினார்.

இனி, பி.கே. ரோஸி. அந்த வேடத்தை ஏற்றவர் புதுமுகமான சாந்தினி. ரோஸி தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். காக்காரிசி என்ற நாட்டார் நாடகங்களில் நடித்துவந்தவர். 'விகதகுமாரன்' படத்தில் அவர் ஏற்றது சரோஜினி என்ற, உயர்சாதியான நாயர் பெண்ணின் வேடம். நாயகியின் கூந்தலில் இருக்கும் பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தபோது அரங்கில் கூச்சல் எழுந்து, திரையை நோக்கிக் கற்கள் பறந்தன என்று சொல்லப்படுகிறது. அவருடைய குடிசை கொளுத்தப்பட்டது. ஒரு லாரியில் ஏறி இன்றைய தமிழகப் பகுதிக்குத் தப்பி வந்தவர் அதன்பின் நடிக்கவே இல்லை.

சாந்தினியின் நடிப்பில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது, வேடத்துக்கான நகைகளையும் சேலையையும் அணிந்துகொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது முகத்தில் வரும் மெல்லிய அச்சமும் மகிழ்ச்சியும்தான். ஆனால் படம் அவரை அச்சத்திலேயே அதிகம் வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில், அந்தச் சூழலில், ஒரு கேமராவின் முன் வந்து நிற்கத் துணிந்தவள் அத்தனை மருட்சியோடா இருந்திருப்பாள் என்ற கேள்வி எனக்கு உண்டு. ரோஸி தப்பி ஓடும் இடத்தோடு அவருடைய கதையைப் படம் விட்டுவிடுகிறது. டேனியலின் முதுமையையோ விரிவாகவே காட்டுகிறது.

இடையில் இன்னொரு பெயர். 'விகதகுமாரன்' படத்தில் வில்லனாக நடித்த ஜான்சன், பிற்காலத்தில் தமிழிலும் மலையாளத்திலும் புகழ்பெற்ற நடிகை பி.எஸ். சரோஜாவின் தந்தை. அந்தப் படத்தோடு தொடர்புடைய குடும்பங்களில் திரையுலகில் நிலைத்தது இந்த ஒன்றுதான் போலும்.

படத்தின் பிற்பகுதி முழுவதும் ஓர் அங்கீகாரப் போராட்டம். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் தயாரிப்பில் வந்தது. டேனியலின் பெயரோ யாருக்கும் நினைவில்லை. அவரைத் தேடிப்பிடித்த சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவருக்கு உதவித்தொகை கேட்டு அலைகிறார். 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டதால், அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு கைவிரிக்கிறது. இந்தப் பகுதியில் அதிகாரிகள் சித்திரிக்கப்பட்ட விதம் கேரளத்தில் பெரிய சர்ச்சையாகவும் ஆனது. டேனியல் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். அவர் பெயரில் கேரள அரசின் விருது 1992இல்தான் தொடங்கப்பட்டது.

(திரையில்: நாகர்கோவிலையும் அகஸ்தீஸ்வரத்தையும் காட்டும் வரைபடம்.)

லாரியில் ஏறிப் போன ரோஸி, அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார். அங்கிருந்து டேனியலின் ஊர் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாயகனும் நாயகியும் ஒரே மாவட்டத்தில் முதுமையைக் கழித்த அந்த ஆண்டுகளைப் பற்றி 'செல்லுலாய்ட்' படத்தில் ஒரு காட்சியும் இல்லை.