நிறத்துக்கு வாக்கு உண்டு, வீட்டுக்கு இல்லையா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். கால்பந்து கிளப்பின் நிர்வாக முடிவுகளில் ரசிகர்களுக்கு வாக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அன்பர், "முதல் போட்டவர் முடிவெடுக்கிறார், இதில் ரசிகருக்கு என்ன வேலை? ஓட்டலில் சாப்பிட வந்தவர் அடுப்படிக்குள் நுழையலாமா?" என்று கேட்டார். சரி, ஓட்டல் பிடிக்கவில்லை என்றால் எதிர்க் கடைக்குப் போகலாம். லிவர்பூல் ரசிகர், டிக்கெட் விலை ஏறிவிட்டது என்பதற்காக அதே ஊரின் போட்டி கிளப்பான எவர்ட்டன் பக்கம் போய் உட்காருவாரா? உயிர் போனாலும் மாட்டார். அவருக்குப் போக்கிடம் கிடையாது. அது தெரிந்துதான் விலையை ஏற்றுகிறார்கள்.

2016 பிப்ரவரியில் அதே லிவர்பூலில் நடந்ததைக் கேளுங்கள். அதன் ஆன்ஃபீல்டு மைதானத்தில் மெயின் ஸ்டாண்ட் என்ற புதுப் பார்வையாளர் மாடம் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த சீசனில் உச்ச டிக்கெட் 77 பவுண்டு என்று நிர்வாகம் அறிவித்தது. அந்த வாரம் சண்டர்லாந்துடன் ஆட்டம், லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. கடிகாரம் 77வது நிமிடத்தைத் தொட்டதும் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டு வருவது ஒரு ரசிகருக்கு எவ்வளவு வலி! மிச்ச நேரத்தில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது. சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றது. தப்பு என்று சில நாளில் புரிந்த விஷயத்தை அறிவிக்கும் முன்பே கேட்டிருந்தால், அந்தப் பத்தாயிரம் பேர் தங்கள் அணியைத் தனியே விட்டுப் போயிருக்க வேண்டாமே!

டிக்கெட் விலையாவது திரும்ப இறங்கும். ஊரை விட்டே கிளப் போய்விட்டால்?

தென் லண்டனில் விம்பிள்டன் என்று ஒரு கிளப். 1988இல் லிவர்பூலையே தோற்கடித்து, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. 1991இல் தன் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு வந்து, இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. பிறகு உரிமையாளர்கள் நஷ்டக் கணக்கைக் காட்டி, சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கிளப்பைக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். 2002 மே மாதம் கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கிளப் நடுவர் அவர்களே, இரண்டே பேரின் வாக்கில் ஊரை விட்டுப் போனது!

அந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். கையில் ஆட்டக்காரர்கள் இல்லை. விம்பிள்டன் காமன் என்ற ஊர்ப் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் வந்து நின்றார்கள். சட்டன் என்ற ஊரில் முதல் ஆட்டம், 4-0 என்று தோல்வி. அந்தத் தோல்வியைப் பார்க்க வந்த கூட்டம் நாலாயிரத்துக்கும் மேல். உள்ளூர் லீகில் தொடங்கி, ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை படியேறி, 2011இல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். அப்புறம் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம். நடுவில் பணம் போதவில்லை. ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். 2020 நவம்பரில் மீண்டும் ப்ளவ் லேனில் பந்து உருண்டது. கொரோனா காலம். மீட்டுக் கொடுத்தவர்கள் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை.

முதல் போட்டவர் யார் என்று எதிரணி கேட்டதே, இவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

"உறுப்பினர்களிடம் விட்டதால்தான் பார்சிலோனா 100 கோடி யூரோவுக்கு மேல் கடனில் கிடந்தது" என்றும் சொன்னார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினர்களே சொந்தக்காரர்களான அந்த ஸ்பெயின் கிளப்பில் இருபதாயிரம் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள்; 2020 அக்டோபரில் தலைவர் பதவி விலகினார். இங்கிலாந்தில் பரி என்ற ஊரின் கிளப்பை 2018இல் ஒருவர் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த வருஷமே அது லீகிலிருந்து நீக்கப்பட்டது. 1885இல் பிறந்த கிளப். அந்த ஊர் ரசிகர்களுக்கு யாரையும் இறக்கும் வழி கிடையாது, அழத்தான் முடிந்தது.

யார் ஸ்ட்ரைக்கர், யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் பயிற்சியாளர் பாடு. அதில் ரசிகர் தலையிட வேண்டும் என்று என் அணி கேட்கவே இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. அங்கேயும் பதினொரு பேரைத் தேர்வு செய்வது பயிற்சியாளர்தான். நாங்கள் கேட்பது பெயர், நிறம், மைதானம், டிக்கெட் விலை ஆகியவற்றில் வாக்கு.

இங்கிலாந்தில் 2025இல் சட்டமே வந்துவிட்டது. சின்னத்தையோ சட்டையின் நிறத்தையோ மாற்ற, பெரும்பான்மை ரசிகர்களின் ஆதரவு வேண்டும். இங்கிலாந்து லீகில் ஆடும் கார்டிஃப் கிளப்பின் நீலச் சட்டையை 2012இல் சிவப்பாக்கினார்களே, இனி அப்படி முடியாது. ஆனால் ஊர் மாறுவதற்கு? ரசிகர்களிடம் கருத்துக் கேட்டால் போதும். முடிவு ஒழுங்குமுறை அமைப்பின் கையில். அன்றைக்கு அந்த மூன்று பேர் உட்கார்ந்த நாற்காலியில் இன்றைக்கு வேறு சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு முடிவையாவது அந்த ஊர் ரசிகர்களின் வாக்கு இல்லாமல் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.