தாயிழந்த குட்டிக்கு ஒரு கூட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, வயலில் போட்டிருந்த திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அப்படி மிஞ்சும் குட்டியை நாம் என்ன செய்வது? பாலூட்டி உயிர் காத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். என் கணக்கில் அது பாதி வேலைதான்.

கென்யாவில் டாஃப்னே ஷெல்ட்ரிக் என்றொரு அம்மையார். கணவர் டேவிட், சாவோ தேசியப் பூங்காவின் காப்பாளர். பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு கண்டே செத்துப்போகும். ஆண்டுக்கணக்காகப் பல பால்மாவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார் டாஃப்னே. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? தேங்காயெண்ணெய்க் கொழுப்பு சேர்ந்த பால்மாவு.

அந்தப் பாலில் பிழைத்தவள் ஆயிஷா என்ற பச்சிளங்குட்டி. ஆறு மாதம் அவரே தாயாக இருந்தார். பிறகு மகள் திருமணத்துக்காகச் சில நாள் வெளியூர் போனார். பால் இருந்தது, ஊட்ட ஆளும் இருந்தது. ஆயிஷா குடிக்கவில்லை. ஏங்கியே செத்துப்போனாள்.

இந்த வேலையின் முழுப் பாடமும் அந்த ஒரு சாவில் இருக்கிறது என்பேன். ஒரே ஆளிடம் உயிரை வைத்த குட்டி, அந்த ஆள் நகர்ந்தால் பிழைக்காது. 1977-இல் டேவிட் மறைந்தபின் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, நைரோபியில் குட்டிகளை வளர்த்தார் டாஃப்னே. அங்கே காப்பாளர்கள் முறைவைத்து மாறிக்கொண்டே இருப்பார்கள். இரவில் குட்டியின் கொட்டகையிலேயே படுப்பார்கள். இன்று ஒருவர், நாளை வேறொருவர். மூன்று மணிக்கொரு தடவை பால். தாயின் வயிற்றை உரசி நிற்பதுபோல் தோன்ற, தொங்கவிட்ட கம்பளியில் தும்பிக்கையை வைத்தபடி குட்டி குடிக்கும்.

ஓரளவு வளர்ந்ததும் சாவோவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே முன்பே வளர்ந்த அநாதைகள் அக்காமார்போல் புதியவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பகலில் காட்டில் மேய்ச்சல். காட்டு யானைகளோடு பழக்கம். ஒருநாள் இரவு கொட்டகைக்குத் திரும்பாது. சில மறுநாளே வந்துவிடும், சில வராது. எப்போது போவதென்று முடிவெடுப்பது யானைதான், ஆண்டுகள் ஆனாலும். அப்படிப் போனவை காட்டில் ஈன்ற கன்றைக் கூட்டிவந்து பழைய காப்பாளர்களிடம் காட்டியிருக்கின்றன. கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறது.

இலங்கையின் உடவளவையில் 1995 முதல் நடக்கும் வனவிலங்குத் துறையின் யானைக்குட்டி இடைத்தங்கல் நிலையம் வேறு வழியில் போகிறது. புனல் வைத்த குழாயில் பால் ஊற்றுவதோடு மனித உறவு முடிந்தது. கொஞ்சுவதில்லை. பார்வையாளர் தள்ளியே நிற்க வேண்டும். ஐந்து வயதை ஒட்டி, சேர்ந்து வளர்ந்த குட்டிகளைக் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள். சிலவற்றுக்கு ரேடியோப் பட்டை கட்டிப் பின்தொடர்கிறார்கள். அங்கிருந்து போன பெண் யானைகளும் காட்டில் ஈன்றிருக்கின்றன. கென்யாவில் அணைப்பு, உடவளவையில் விலகல். இரண்டிலும் பொது ஒன்றுதான்: குட்டி தனியாகப் போவதில்லை.

நம் முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமில் உள்ள பாகன்களின் கைப்பக்குவத்துக்குத் தலைவணங்குகிறேன். பிழைக்காது என்று கைவிடத்தக்க குட்டிகளை வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் குட்டிகள் முகாம் யானைகளாகவே நின்றுவிடுகின்றன. அசாமில் காசிரங்கா அருகே வளர்த்த குட்டிகளை மானஸ் காட்டில் விட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த நாட்டில் முடியாததில்லை.

பிரிந்த குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க நம் வனத்துறையினர் இரவுபகலாக அலைகிறார்கள். அதுவே முதல் வழி. கூட்டம் ஏற்காத குட்டியை முகாமுக்குக் கொண்டுவரும்போது, அது எந்தக் காட்டுக்கு, எந்தக் குட்டிகளோடு திரும்பும் என்ற திட்டமும் அன்றே தொடங்க வேண்டும். இந்தக் கோரிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். இந்த அவை கலைந்ததும் படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். நன்றி.