தூக்கம் வராத டி லூக்காவும் ஒரு பிடிவாதமான ஸ்டிக்கரும்

வணக்கம் நண்பர்களே. கண் சிவந்திருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இரவு முழுக்க உட்கார்ந்து, டி லூக்கா என்ற போலீஸ்காரனை நாயகனாக வைத்து கார்லோ லுக்காரெல்லி எழுதிய துப்பறியும் நாவல்களில் மூன்றாம் புத்தகத்தை முடித்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நிதானம் வந்துவிடும். நிதானத்தோடு நான் பேசிய வீடியோக்கள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பது உங்களுக்கே தெரியும்.

போன வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: பாசிச ஆட்சியில் வேலை பார்க்கும் போலீஸ்காரனை நாயகனாக வைத்தால், அவன் உள்ளுக்குள்ளாவது அந்த ஆட்சியை வெறுக்க வேண்டாமா, இல்லாவிட்டால் நாம் எப்படி அவன் பக்கம் நிற்பது? மரியாதையான கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சர்வாதிகார காலத்துத் துப்பறியும் நாவல்களில் எனக்கு அறவே ஆகாத விஷயமே அதுதான். முதல் அத்தியாயத்திலேயே நாயகன் தலைவரின் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பான். மூன்றாம் அத்தியாயத்தில் மேலதிகாரியிடம் துணிச்சலாக ஒரு நையாண்டி. ஐந்தில் தேடப்படும் குடும்பம் ஒன்று அவன் வீட்டு மாடியில் ஒளிந்திருக்கும். இப்படி ஊரெல்லாம் ரகசிய நல்லவர்களாகவே இருந்திருந்தால் அந்த ஆட்சிகளை யார்தான் நடத்தினார்கள்? கோப்பில் கையெழுத்துப் போட்டது யார்? கதவைத் தட்டியது யார்?

கார்லோ லுக்காரெல்லியை எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். இத்தாலிக்காரர், 1960-ல் பிறந்தவர். உண்மைக் குற்றங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் நிகழ்ச்சி நடத்தியவர் என்பதால் அங்கே முகம் தெரிந்த ஆள். முதல் டி லூக்கா நாவல் 1990, இரண்டாவது 1991, மூன்றாவது 1996.

புத்தகத்துக்குள் போவதற்கு முன் அந்த ஸ்டிக்கர் கதையைச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். முதல் புத்தகத்தைப் பழைய பிரதியாக இணையத்தில் வாங்கினேன். நூற்றுச் சொச்சம் பக்கம், விரல் கனம்கூட இல்லை. வந்ததோ ஒரு ஜோடி பூட்ஸ் வைக்கும் அளவு பெட்டியில். அட்டையின் நட்டநடுவில், தலைப்பை மறைத்துக்கொண்டு, ‘பாதி விலை’ என்று சிவப்பாக ஒரு ஸ்டிக்கர். பாதி விலையாம்! அந்தப் பாதிக்கு ஐந்நூறு பக்க நாவலைப் புதிதாகவே வாங்கலாம். விலை கிடக்கட்டும், அட்டையை ஏன் கொலை செய்கிறீர்கள்? விற்பனையாளருக்கு எழுதினேன். சுத்தமான பிரதி என்றுதான் சொன்னோம், ஸ்டிக்கர் இல்லாத பிரதி என்று சொல்லவில்லையே என்று பதில் வந்தது. வக்கீலுக்குப் படித்தவர் போல.

நகத்தால் சுரண்டினால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து வரும். எண்ணெய் தடவு என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தாளில் எண்ணெயா, நான் செத்தாலும் செய்ய மாட்டேன். கடைசியில் ஹேர் டிரையரைத் தணிவான சூட்டில் வைத்து, ஒரு முனையை மட்டும் தூக்கி, அட்டையோடு ஒட்டினாற்போலச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். இழுக்க இழுக்க அப்படியே முழுசாக வந்தது! பசை இல்லை, கிழிசல் இல்லை. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். எங்கே இருந்தது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். முடியாது. கொலைகாரன் யார் என்று டி லூக்கா கண்டுபிடித்தபோதுகூட நான் இவ்வளவு பூரிக்கவில்லை.

சரி, முதல் புத்தகத்தின் கதை.

1945 ஏப்ரல், வட இத்தாலி. முசோலினி 1943 ஜூலையில் பதவியிலிருந்து இறக்கப்பட்டுச் சிறைப்பட்டார். செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அவரை மீட்டுவந்து வடக்கே ஒரு பொம்மை அரசில் உட்காரவைத்தார்கள். அதுதான் சாலோ குடியரசு. நாவல் தொடங்கும்போது நேச நாட்டுப் படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. பெரிய தலைகள் எல்லாம் பெட்டி கட்டுகின்றன. அந்த நேரத்தில், ஆட்சியில் செல்வாக்குள்ள ரேஹினார்ட் என்ற பணக்காரன் தன் வீட்டில் கொலையாகிக் கிடக்கிறான். அரசாங்கமே அஸ்தமித்துக்கொண்டிருக்க, டி லூக்கா ஒரே ஒரு பிணத்துக்காக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறான். மேலிடம் அவனுக்கு முழுச் சுதந்திரம் தருகிறது. எதற்காகத் தருகிறது என்பதில்தான் விவகாரம். கட்சிக்குள்ளேயே ஒரு கோஷ்டி ஒருவனை மாட்டிவிடப் பார்க்கிறது, இன்னொரு கோஷ்டி அவனைக் காப்பாற்றப் பார்க்கிறது. உண்மை யாருக்கும் வேண்டாம், தோதான ஒரு பெயர் வேண்டும்.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், இருங்கள். இந்த வழக்குக்கு வருவதற்கு முன் டி லூக்கா எங்கே இருந்தான்? பாசிஸ்டுகளின் எத்தோரே முத்தி படையணியின் அரசியல் பிரிவில். இது கற்பனைப் படை இல்லை. 1944 ஆகஸ்ட் 10 அன்று மிலான் நகரின் பியாட்சாலே லொரேத்தோவில் 15 அரசியல் கைதிகளைச் சுட்டுத்தள்ளி, பார்க்கிறவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று உடல்களைக் கோடை வெயிலில் கிடத்தியது இதே படையணி. அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று முசோலினியின் உடல் தலைகீழாகத் தொங்கியதும் அதே சதுக்கத்தில். இடத்தை யாரும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அப்படிப்பட்ட கும்பலிலிருந்து வந்தவன்தான் நம் நாயகன். நான் யாரையும் அடிக்கவில்லை, நான் போலீஸ்காரன், என் வேலை துப்பறிவது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறான். முதல் தடவை நமக்கு அது கம்பீரமாகக் கேட்கிறது. போகப் போக அதே வாக்கியம் கசக்கத் தொடங்குகிறது. லுக்காரெல்லி ஒரு இடத்தில்கூட அவனைத் திட்டுவதில்லை. அவனுக்காக வக்காலத்தும் வாங்குவதில்லை. இவன் துப்பறிந்து பிடித்துக் கொடுத்தவர்களை அடுத்த அறையில் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கருத்து எழுதிய நண்பரே, அவன் பக்கம் எப்படி நிற்பது என்றீர்களே, நிற்க வேண்டாம். பக்கத்தில் நடந்து பாருங்கள், போதும்.

இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லுக்காரெல்லி சாலோ காலத்துப் போலீஸைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வேடு எழுதத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு முதியவரைச் சந்தித்தார். பாசிச அரசியல் போலீஸில் இருந்து ஆட்சிக்கு எதிரானவர்களைத் துரத்தியவர். போர் முடிந்ததும் பார்ட்டிசான்களின், அதாவது பாசிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்களின் கீழ் பாசிஸ்டுகளைத் துரத்தியவர். பிறகு குடியரசின் போலீஸில் அந்தப் பழைய பார்ட்டிசான்களையே பின்தொடர்ந்தவர். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நான் போலீஸ்காரன் என்றாராம். ஆய்வேடு போன திசை வேறு, அந்த ஒற்றைப் பதில் நாவலாகிவிட்டது.

இரண்டாவது புத்தகம்தான் மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது. போர் முடிந்துவிட்டது. டி லூக்கா பொய்ப் பெயரில், பொய் அடையாளச் சீட்டோடு கிராமப்புறம் வழியாகத் தப்பி ஓடுகிறான். லெயோனார்தி என்ற இளைஞன் அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். புதிதாக அமைந்த பார்ட்டிசான் போலீஸைச் சேர்ந்தவன். ஆர்வம் கொள்ளை, அனுபவம் பூஜ்யம். கையில் ஒரு படுகொலை வழக்கு வேறு. உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் எனக்குத் துப்பறியக் கற்றுக்கொடு என்பதுதான் பேரம். இதைவிட அழகான முடிச்சை நான் சமீபத்தில் படிக்கவில்லை. இங்கே சந்தேகம் விழுவது வெற்றிபெற்ற தரப்பின்மேல். விடுதலைக்குப் பிந்தைய மாதங்களில் வட இத்தாலியின் எமிலியா வட்டாரத்தில் பழிவாங்கும் கொலைகள் நிறைய நடந்தன. அவற்றைத் தொட இடதுசாரிகளுக்குக் கூச்சம், அவற்றை மட்டுமே பேச வலதுசாரிகளுக்கு ஆசை. லுக்காரெல்லி இரண்டு பேருக்கும் வசதி செய்துகொடுக்கவில்லை.

அட, இன்னொன்று விட்டுப்போனது, இது முதல் புத்தகத்திலிருந்தே வருவது: டி லூக்காவுக்குத் தூக்கம் வராது, பசி வந்தாலும் சாப்பிட முடியாது. மனசாட்சிதான் காரணம் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன்.

மூன்றாவது, 1948, பொலோன்யா நகரம். டி லூக்கா மறுபடியும் போலீஸில்! ஆனால் கொலைப்பிரிவில் இல்லை, ஒழுக்கப் பிரிவில். விபசார விடுதிகளைக் கண்காணிக்கும் வேலை. அப்போது இத்தாலியில் அவை சட்டப்படி நடந்தன, மெர்லின் சட்டம் 1958-ல்தான் அவற்றை மூடியது. அப்படியொரு விடுதியில் ஆரம்பிக்கிறது வழக்கு. பின்னணியில் ஏப்ரல் 18 தேர்தல், ஒரு பக்கம் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, மறுபக்கம் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் முன்னணி. பிறகு ஜூலை 14: கம்யூனிஸ்ட் தலைவர் தோல்யாத்தி சுடப்படுகிறார். பிழைத்துக்கொண்டார், ஆனால் நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்குப் போனது. இத்தாலிய வீரர் பார்த்தாலி அந்த மாதம் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்றதால்தான் கொந்தளிப்பு அடங்கியது என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, நான் நம்பவில்லை.

இதில் ஒரு சுருக்கு இருக்கிறது, இரவு படிக்கும்போது அதை யோசித்து எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். டி லூக்கா போன்றவர்கள் எப்படித் திரும்பவும் நாற்காலியில் உட்கார முடிந்தது? 1946 ஜூனில் வந்த பொது மன்னிப்பு அதற்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் யார்? இதே தோல்யாத்தி!

கற்பனைக்கு வெளியே இது இன்னும் மோசம். பாசிசக் காலத்தில் வென்தொத்தெனே தீவில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த முகாமின் இயக்குநர் மார்செல்லோ க்விதா. 1969 டிசம்பர் 12 அன்று மிலான் பியாட்சா ஃபோந்தானா வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். அப்போது அந்த நகரின் காவல்துறைத் தலைவர் யாரென்றால், அதே க்விதா. விசாரணைக்குக் கொண்டுபோன பினெல்லி (அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதி), காவல் நிலையத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்ததும் அவர் காலத்தில்தான். முன்பு அந்தத் தீவில் கைதியாக இருந்த சாந்த்ரோ பெர்தினி, பிரதிநிதிகள் சபைத் தலைவராக மிலானுக்கு வந்தபோது க்விதாவோடு கைகுலுக்க மறுத்தார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று நானே சொல்லியிருப்பேன்.

ஜெர்மனியை விட்டுவிட்டாயே என்பீர்கள். பெர்லின் கதைகள் எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டன, மழை, தொப்பி, மதுக்கூடம், மறுபடி மழை. ஆனாலும் பவுல் ஓகோர்சோவ் வழக்கு மட்டும் மனதை விட்டுப் போவதில்லை. 1940-41, விளக்கணைப்பு உத்தரவால் இருண்டு கிடக்கும் பெர்லினில், நகர ரயிலிலும் தண்டவாளப் பகுதியிலும் எட்டுப் பெண்களைக் கொன்றவன். போலீஸாரின் சந்தேகம் முதலில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்மேலும் யூதர்கள்மேலும் போனது. கடைசியில் பிடிபட்டவன் ரயில்வே ஊழியன், நாஜிக் கட்சி உறுப்பினன். 1941 ஜூலையில் தலையை வெட்டினார்கள். ஜெர்மனியின் குற்றப் போலீஸ் முழுவதற்கும் தலைவராக இருந்த ஆர்துர் நேபே அந்தக் கோடையில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கிழக்குப் போர்முனையில் ‘ஐன்சாட்ஸ்குரூப்பே பி’ கொலைப்படைக்குத் தலைமை. எட்டுக் கொலை செய்தவனைப் பிடித்த துறையின் தலைவர், ஆயிரம் ஆயிரமாகக் கொல்லவைத்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் எந்தத் துப்பறிவாளன் என்ன புதிரை அவிழ்ப்பது?

ஒரு தகவலை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போது கேளுங்கள். முசோலினி ஆட்சிக்குத் துப்பறியும் நாவல் என்றாலே ஒவ்வாமை. மொண்டதோரி பதிப்பகம் 1929-ல் மஞ்சள் அட்டையோடு ஒரு தொடரைத் தொடங்கி, அது சக்கைப்போடு போட்டது. ஆட்சி முதலில் இத்தாலிய எழுத்தாளர்களும் இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்றது. அடுத்து, கொலைகாரன் இத்தாலியனாக இருக்கக் கூடாது, தப்பிக்கவும் கூடாது என்றது. 1941-ல் தொடரே நின்றது. ஒழுங்கான நாட்டில் கொலை எப்படி நடக்கும் என்பதுதான் வாதம். நாளிதழ்களுக்கும் குற்றச் செய்தியைச் சுருக்கு, தற்கொலையைப் போடாதே என்று உத்தரவுகள்.

இந்தக் கெடுபிடிக்குள்ளும் மிலானில் ஒரு மென்மையான கமிஸ்ஸாரியோவை, அதாவது போலீஸ் அதிகாரியை உருவாக்கி 1935 முதல் நாவல்களாக எழுதித் தள்ளியவர் அகுஸ்தோ டி ஆஞ்சலிஸ். 1943-ல் பாசிச எதிர்ப்பாளர் என்று கைதானார். விடுதலையாகி வந்தபின் பெல்லாஜியோவில் ஒரு பாசிஸ்ட் அவரை அடித்து நொறுக்க, 1944-ல் இறந்துபோனார். லுக்காரெல்லி பிற்காலத்திலிருந்து அந்த ஆட்சியைத் திரும்பிப் பார்க்கிறவர். டி ஆஞ்சலிஸ் அதற்குள்ளேயே இருந்தவர். அடுத்த வீடியோ முழுக்க அவர்தான்.

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: எழுதிய வரிசையில் 1990, 1991, 1996. பிற்பாடு வந்த டி லூக்கா நாவல்களில் சில, 1943-44-க்குப் பின்னோக்கிப் போகின்றன. காலவரிசைப்படி அடுக்கிப் படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அவனை முதலில் பெட்டி கட்டும் ஊருக்கு நடுவில்தான் சந்திக்க வேண்டும். 2008-ல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தாலும் சரி, ஆனால் அதில் நடித்த அலெஸ்ஸாந்த்ரோ பிரெத்சியோசி தூக்கமில்லாதவனுக்கு ஏற்ற முகம் இல்லை, ரொம்ப அழகு.

கீழே எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், என்னோடு சண்டைகூடப் போடுங்கள். ரேஹினார்டைக் கொன்றது யார் என்று மட்டும் யாராவது எழுதினால், அந்தக் கருத்தும் போகும், அதை எழுதியவரும் போவார்.