நவம்பர் 9: ஜெர்மனியை விடாத தேதி

நேயர்களுக்கு வணக்கம். வரலாற்றில் இன்றுன்னு வாசிக்கிறப்போ ஒரே தேதியில நடந்ததெல்லாம் பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம உதிரியாதான் இருக்கும், ஆனா ஜெர்மனியோட நவம்பர் 9 அப்படி இல்லைங்க, அங்க ஒரு வருஷம் நடந்தது இன்னொரு வருஷத்தை இழுத்துட்டு வந்திருக்கு.

1918ல முதல் உலகப் போர்ல தோல்வி உறுதியாயிடுச்சு, ஜெர்மன் பேரரசர் கைசர் பதவி விலகிட்டார்னு அறிவிப்பு வருது, பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்துலேர்ந்து சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் இனிமே இது குடியரசுன்னு அறிவிக்கிறார். ஹிட்லர் கூட்டம் அதைத் துரோகம்னே சொல்லிட்டு இருந்துச்சு. 1923ல மியூனிக்ல அவங்க ஆரம்பிச்ச கலகம் அதே 9ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல அடங்கிடுச்சு. ஹிட்லருக்கு அஞ்சு வருஷ தண்டனை, ஆனா தீர்ப்பு வந்த வருஷமே வெளிய வந்துட்டார்.

ஆட்சியைப் பிடிச்சப்புறம் அந்தக் கலகத்துல செத்தவங்களுக்கு மியூனிக்ல வருஷாவருஷம் அஞ்சலி. 1938ல கட்சித் தலைவருங்க அதுக்குத்தான் கூடியிருந்தாங்க, அப்போ பாரிஸ்ல ஒரு 17 வயசு யூதப் பையன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துட்டார்னு தகவல் வருது, ஹிட்லரோட பிரசார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிரா தூண்டிவிட்டுப் பேசினார், கேட்டவங்க அங்கிருந்தே அவங்கவங்க ஊருக்கு போன் போட்டு உத்தரவு கொடுத்துட்டாங்க. விடியறதுக்குள்ள நாடு முழுக்க யூத வழிபாட்டுக்கூடங்கள் எரிஞ்சுது, கடைகள் நொறுங்குச்சு, சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடிச்சு முகாம்ல அடைச்சாங்க. இவ்வளவும் பண்ணிட்டு யூதர்கள் மேலயே 100 கோடி ரைஹ்ஸ்மார்க் அபராதம் போட்டாங்க, இதை எப்போ படிச்சாலும் எனக்கு நெஞ்சு பதறும். அன்னைக்கு அத்தனை பேரும் ஒரே ஊர்ல கூடியிருக்கலைன்னா ஒரே ராத்திரியில இவ்வளவு வேகமா பரவியிருக்குமாங்கிறது சந்தேகந்தான்.

1989தான் நிஜமாவே தற்செயல். கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியோட ஆளுங்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஷபோவ்ஸ்கி, ஜனங்க வெளிநாடு போக அனுமதிக்கிற புது பயண விதியைப் பத்திரிகையாளர்கள் முன்னாடி வாசிக்கிறார், எப்போலேர்ந்துன்னு கேட்டதும் தனக்குத் தெரிஞ்சு உடனேதான்னுட்டார், மறுநாள்தான் அமலாகணும்ங்கிற விவரம் அவருக்குப் போய்ச் சேரல. டிவியில கேட்ட ஜனங்க நகரத்தைக் கிழக்கு மேற்குன்னு பிரிச்சிருந்த பெர்லின் சுவர்கிட்ட குவிஞ்சிட்டாங்க, பொர்ன்ஹோல்மர் தெரு வாசல்ல இருந்த அதிகாரி மேலிடத்துக்கு திரும்பத் திரும்ப போன் போட்டும் தெளிவா பதில் வராம, ராத்திரி 11.30 வாக்குல தடுப்பைத் திறந்துவிட்டார். ஒரு குண்டுகூட வெடிக்கல.

அப்போ அதையே தேசிய நாளா வச்சிருக்கலாமேன்னு தோணும், பேச்சு வராம இல்லை, ஆனா 1938ம் அதே தேதியில இருக்கே. அதனால ரெண்டு ஜெர்மனியும் 1990ல சேர்ந்த அக்டோபர் 3ஐத்தான் விடுமுறையா வச்சாங்க.