நெய் அண்டாவிலா, இலையிலா?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் போய், "இதில் பால் சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் சுத்த சைவம்தான் சார்" என்று பதில் வரும். அது பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. நம் வழக்கில் சைவம் என்றால் புலால் கிடையாது, அவ்வளவுதான். பாலும் தயிரும் நெய்யும் அதற்குள் அடக்கம். பாக்கெட்டில் நாம் பார்க்கும் பச்சைப் புள்ளியும் அப்படித்தான்: பால் இருக்கலாம், தேன் இருக்கலாம், புள்ளி பச்சையாகவே இருக்கும்.

பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்களை வீகன் என்கிறோம். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உண்டாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று அழகாகச் சொல்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறையும் தனி முத்திரையும் கொண்டுவந்தது. அதெல்லாம் பாக்கெட்டுக்கு. பந்தியில் முத்திரை ஏது?

இப்படி உண்பவர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வந்தால், வீட்டுக்காரரும் மண்டபமும் அவர்களுக்கென்று ஏற்பாடு செய்யத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் தனிச் சமையல் வேண்டியதில்லை.

வெளிநாட்டு விருந்துகளில் அழைப்பிதழோடு ஒரு சீட்டு வரும். வருகிறீர்களா, என்ன சாப்பிடுவீர்கள் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். 2 வீகன் என்றால் 2 தட்டு தனியே வரும். நம் ஊரில் அது நடக்காது. 800 பேர் என்று இலை சொன்னால் 650 பேரும் வரலாம், 1000 பேரும் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த மருமகள் பால் தொடாதவர் என்பது அவர் இலையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அதனால் 'வீகன் சாப்பாடு 10' என்று எழுதி வாங்கும் முறை நமக்குச் சரிப்படாது. அந்த 10 சாப்பாடு யாருக்கென்றே தெரியாமல் மூலையில் ஆறிக்கிடக்கும்.

நமக்குப் பொருந்துவது வேறு வழி. நெய்யையும் தயிரையும் அண்டாவிலிருந்து எடுத்து இலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சமைக்கும்போது சேர்க்காமல் பரிமாறும்போது சேர்ப்பது. வேண்டுமென்பவர் இலையில் விழும், வேண்டாமென்பவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பருப்புக்கு நாம் எப்போதும் செய்வது இதுதானே? பருப்பு வாளி முன்னால் போகும், நெய்க் கிண்ணம் பின்னால் வரும். இந்த வழக்கத்தை ரசத்துக்கும் சாம்பாருக்கும் நீட்டினால் முக்கால் வேலை முடிந்தது.

இலையை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வருவோம். வாழைக்காய் வறுவல், அப்பளம், பொரியல், தேங்காய் அரைத்த கூட்டு, மாங்காய்ப் பச்சடி, ஊறுகாய் இவற்றில் பொதுவாகச் சிக்கல் இல்லை. புளியோதரை நல்லெண்ணெயில் ஆவது. மெதுவடை எண்ணெயில் பொரிப்பது. சாம்பாரில் சிக்கல் தாளிப்பில்தான். சில மாஸ்டர்கள் மணத்துக்காக இறக்கும்போது ஒரு கரண்டி நெய் விடுவார்கள். ரசத்தில் இது இன்னும் அதிகம். கடுகும் சீரகமும் நெய்யில்தான் வெடிக்க வேண்டும் என்பது பலருக்குக் கொள்கை. முதல் நாளே, "தாளிப்பு எல்லாம் எண்ணெயில், நெய் இலையில்" என்று சொல்லிவிட்டால் சமையல் ஆட்களுக்கு வேலை கூடாது. நெய்ச் செலவும் கொஞ்சம் குறையும். அன்னசுத்திக்கு விடும் அந்த ஒரு துளி நெய்யும் இலையில் விழுவதுதான், ஆகவே சம்பிரதாயத்துக்கும் குறைவில்லை.

தயிர்ப் பச்சடி, மோர்க்குழம்பு, தயிர்வடை ஆகியவற்றைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் கோட்டைவிடுவது மோர்மிளகாய். வற்றல் வகைதானே என்று வைத்துவிடுவார்கள். அது மோரில் நாள்கணக்காக ஊறிக் காய்ந்தது.

அவியல் கொஞ்சம் நுட்பமானது. தயிர் சேர்த்த பிறகு கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் அதை அடுப்பை அணைத்த பிறகுதான் விடுகிறார்கள். அந்த நேரம் நமக்கு வசதி. காயும் தேங்காய் அரைப்பும் சேர்ந்து வெந்ததும், தயிர் விடுவதற்கு முன் ஒரு சின்னத் தூக்கில் 20 இலைக்கு ஆகும் அளவு எடுத்து வைத்துவிடலாம். புளிப்புக்கு? நாகர்கோவில் பக்கம் பச்சை மாங்காய் போட்டே அவியல் செய்வார்கள். முழு அண்டாவுக்குமே மாங்காய் போட்டால் எடுத்து வைக்கும் வேலையும் இல்லை. மேலே விடும் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் எப்படியும் பால் சேராதவை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சொதி, மாட்டுப்பால் ஒரு சொட்டும் தேவைப்படாத விருந்து. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் வேகும். பிறகு குழைந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சை மிளகாய் அரைப்பும் இரண்டாம் பாலோடு சேரும். முதல் பால் கடைசியில். அதை விட்ட பிறகு கொதிக்கவிடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் இறக்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்து திரிதிரியாக நிற்கும். தாளிப்பை மட்டும் நெய்யிலிருந்து தேங்காயெண்ணெய்க்கு மாற்றினால் போதும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும்.

அடுத்தது பாயசம். பால்பாயசம் வைத்துவிட்டால் அதில் மாற்ற ஒன்றும் இல்லை. அதனால் மெனு எழுதும்போதே பருப்புப் பாயசம் என்று எழுதிவிடுங்கள். 30 இலைக்குக் கணக்கு: பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் 1 கிலோ, நல்ல தேங்காய் 3. பருப்பை நெய்யில் வறுக்காமல் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் குழைய வேகவைக்க வேண்டும். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, பருப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, இரண்டாம் பால் ஒரு லிட்டர் ஊற்றி மெல்லிய தீயில் கால் மணி நேரம். அடுப்பை அணைத்த பிறகு முதல் பால் அரை லிட்டரும் ஏலக்காயும். முந்திரியையும் தேங்காய்ப் பல்லையும் தேங்காயெண்ணெயில் வறுத்துக் கொட்டலாம். சொல்லாவிட்டால் நெய் இல்லை என்று கண்டுபிடிப்பவர் குறைவு.

ஓர் எச்சரிக்கை. தேங்காய் துருவ ஆள் இல்லையென்று தேங்காய்ப்பால் பவுடர் வாங்குகிறார்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல தயாரிப்புகளில் சோடியம் கேசினேட் என்று இருக்கும். கேசின் என்பது பால் புரதம். தேங்காய் என்று நம்பி விட்டதில் பசும்பால் வந்து நிற்கும்.

கடைசியில் தயிர்சாதம். இது இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகவே தோன்றாதவர்கள் உண்டு, வீகன்களிலும் உண்டு. வேர்க்கடலைத் தயிர் நன்றாகவே வரும். கால் கிலோ பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, சுமார் 1 லிட்டர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். அந்தப் பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். அடி பிடிக்கும், தீய்ந்தால் வாசனை போகாது. பத்து நிமிடமாவது கொதித்தால்தான் பச்சைக்கடலை வாடை போகும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், பச்சை மிளகாயின் காம்பு ஐந்தாறு கிள்ளிப் போட்டு மூடி வைத்தால், அந்தக் காம்பில் இருக்கும் நுண்ணுயிர்களே உறைய வைத்துவிடும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் அவை செத்துப்போகும், விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். முதல் தடவை தளர்வாகத்தான் உறையும். அதில் இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டியாகும். ஆகவே விருந்துக்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். மேலே சொன்ன அளவு எட்டு பத்து இலைக்கு வரும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள். பரிமாறுகிறவர் "இது கடலைத் தயிர்" என்று சொல்லித்தான் விட வேண்டும்.

காலை டிபனில் இட்லி, வடை, சாம்பார் மூன்றும் பெரும்பாலும் தப்பித்துவிடும். பொங்கலும் கேசரியும் நெய்யிலேயே பிறந்தவை, அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். சட்னியில் புளிப்புக்காகத் தயிர் விடும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. காபிக்குச் சோயாப்பால் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்: கொதிக்கும் டிகாக்‌ஷனில் ஊற்றியதும் திரிந்துவிடும், காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தை உறையவைத்துவிடுவதால். சோயாப்பாலை முதலில் டம்ளரில் வெதுவெதுப்பாக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் ஆறிய டிகாக்‌ஷனை அதில் மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் தப்பும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி இருக்கிறது.

உண்மையில் கஷ்டம் மாலை ரிசப்ஷனில்தான். நானில் தயிர், மேலே வெண்ணெய், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ, குருமாவில் கிரீம், வெஜ் பிரியாணியில் நெய்யும் தயிரும், பனீர் தனி. கடைசியில் ஐஸ்கிரீம். இவ்வளவையும் தாண்டி வருகிறவருக்குக் கிடைப்பது சாலட் மட்டும். எண்ணெய் மட்டும் தடவிய தோசைக்கு ஒரு கல்லை ஒதுக்கி வைத்தால் அவர் பசியோடு போக மாட்டார். ஒதுக்கிய கல்லில் நெய்த்தோசை வார்க்கக் கூடாது, துடைக்கும் துணியும் தனியாக இருக்க வேண்டும்.

சமையல் எவ்வளவு சரியாக இருந்தாலும் காரியம் பந்தியில் கெடும். ஒரு வரிசையை ஒரே ஆள் பரிமாறுவதில்லை. பருப்புக்கு ஒருவர், நெய்க்கு ஒருவர், மோருக்கு ஒருவர். முதல் ஆளிடம் சொன்னது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. இலையில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் திரும்பிய நொடியில் நெய்க் கரண்டி சாய்ந்துவிடும். "ஒரு சொட்டுதானே, பரவாயில்லை" என்று உபசாரமும் நடக்கும். அவர் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டுச் சாதத்தைத் தொடாமல் இலையை மூடுவார். இதற்கு எளிய வழி, பந்தியின் ஒரு கோடியில் நாலைந்து இடத்தை ஒதுக்கி, அந்த இலைகளை முழுக்க ஒரே ஆள் பொறுப்பில் விடுவது. கரண்டியும் கலக்கக் கூடாது. எடுத்து வைத்த அவியலில் தயிர் அவியல் கரண்டியைப் போட்டால் எடுத்து வைத்ததற்கே பொருளில்லை.

இங்கே ஒரு பிரிவைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கொள்கைக்காகப் பால் விட்டவர் வேறு, பால் ஒவ்வாமை உள்ள குழந்தை வேறு. முன்னவருக்குத் தவறி ஒரு துளி பட்டால் மனம் வருந்தும். பின்னவருக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறலாம். நான் சொன்ன முறை முன்னவருக்குப் போதும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, பெரிய சமையல்கட்டில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. "தர முடியாது" என்று மேனேஜர் நேராகச் சொல்வதுதான் அந்தத் தாய்க்குச் செய்யும் உதவி. அவர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று அந்த டப்பாவை வாசலில் நிறுத்தும் மண்டபத்தை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் நான் விதிக்கும் கடமை இதுதான்: வீகன் பதார்த்தம் செய்யாவிட்டாலும் போகட்டும், எதில் பால் இருக்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் கிளை உள்ள உணவகங்கள் பால், முட்டை, வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்களை மெனுவில் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் அந்த விதிக்குள் வரமாட்டார். ஆனால் மெனுத் தாளில் பால் சேர்ந்த பதார்த்தத்துக்கு எதிரே 'பா' என்று ஓர் எழுத்து எழுத அவருக்கு இரண்டு நிமிடம் ஆகுமா? அந்தத் தாளின் ஒரு நகல் பரிமாறும் இடத்துச் சுவரில் இருந்தால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்.

விருந்தாளிக்கும் பங்கு உண்டு. 'நான் வீகன்' என்று மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. "பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் ஆகாது, எண்ணெய், தேங்காய்ப்பால் ஆகும்" என்று சொல்லுங்கள். ஆகாததை மட்டும் அடுக்கினால் வீட்டுக்காரருக்குக் கலக்கம்தான் மிஞ்சும். நாலு நாள் முன்னால், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். முகூர்த்தத்தன்று காலை சமையல்கட்டுக்குள் போய் மாஸ்டரிடம் சொல்வது யாருக்கும் நல்லதில்லை. அவருக்கு அப்போது 800 இலை கண்ணுக்கு முன் நிற்கும்.

போகும்போது கொடுக்கும் தாம்பூலப் பையை மறந்துவிட்டேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாருக்கும் ஆகும். கூடப் போடுவது நெய் மைசூர்பாகா, எண்ணெயில் பொரித்த முறுக்கா என்பதையும் மெனு எழுதும் அன்றே முடிவுசெய்துவிடலாம். முறுக்கு மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.