வால்பாறைக்கு ஒரு நாள்: பாண்டி, கடலூர்லேர்ந்து கார் எடுத்துட்டுப் போறவங்களுக்கு

வணக்கம் மக்களே. நாம ஓட்டிப் பழகினதெல்லாம் கடற்கரைச் சமவெளி. பொள்ளாச்சி டு வால்பாறை 64 கிலோமீட்டர்ல 40 கொண்டை ஊசி வளைவு. அதனால கவனமா கேளுங்க.

மொதல்ல மழை. நமக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். அங்க ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஊத்தும். ஆனி மாசம் கடலூர்ல வெயில் கொளுத்துதேன்னு ரெயின்கோட் எடுக்காமப் போனா தெப்பலா நனைஞ்சிடுவீங்க. அந்தச் சீசன்ல அட்டையும் இருக்கும். கடிச்சா பிடிச்சு இழுக்காதீங்க, வாய்ப்பக்கம் நகத்தை வெச்சு பக்கவாட்டுல தள்ளுங்க. ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது. உறையாம இருக்க அட்டை ஒரு பொருளை உள்ளே விடுது, அதான். பயப்பட வேணாம்.

உளுந்தூர்பேட்டை, சேலம் வழியா முந்தின நாளே பொள்ளாச்சி போய்த் தூங்கிடுங்க. ராத்திரி முழுக்க ஓட்டினவர் மலை ஏத்தக் கூடாது. இ-பாஸ் முன்னாடியே எடுத்துடுங்க. டேங்க்கை பொள்ளாச்சியிலேயே நிரப்பிட்டு, விடிஞ்சதும் கிளம்புங்க.

ஆழியாறு அடிவாரத்துல காடு காஞ்ச மாதிரி இருக்கும். "இதுவா மழைக்காடு?"ன்னு கேக்காதீங்க, அது மழை மறைவுப் பக்கம். 9-வது வளைவு லோம்ஸ் வியூல ஓரமா நிறுத்திப் பாருங்க: கீழ ஆழியாறு அணை, பாறைச் சரிவுல அதிர்ஷ்டம் இருந்தா வரையாடு. அட்டகட்டி தாண்டினப்புறம்தான் காடு மாறும். நம்ம புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடும் பசுமை மாறாத காடுதான், ஆனா மழை கம்மிங்கிறதால குட்டையா நிக்குது. இங்க மரத்துக்கு மேல மரம்னு அடுக்கடுக்கா இருக்கும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க. இருவாச்சி பறந்தா ரெக்கை சத்தமே தனியா கேக்கும், அவ்வளவு அழகு!

வால்பாறைக்குப் பக்கத்துல இருக்கிற புதுத்தோட்டம் எஸ்டேட்ல சிங்கவால் குரங்கு ரோட்டோரமே வரும். உலகத்துலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இது இருக்கு. தயவுசெஞ்சு பிஸ்கட் போடாதீங்க. தீனிக்குப் பழகினா ரோட்டுக்கு இறங்கி வண்டியில அடிபடும். அதுங்க மேலயே கடக்கட்டும்னு மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க, அண்ணாந்து பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம், ஏத்தமும் இறக்கமும். ஏறும்போது வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க, தேவைப்பட்டா முதல் கியர். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், ஏன்னா பாதியில நின்னா அது மறுபடி நகர்றது கஷ்டம். எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். நம்மாளுங்க பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவாங்க, இல்லன்னா கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே வருவாங்க. அப்ப இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, பாரம் மொத்தமும் பிரேக் மேல விழும். சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியானா, பெடல் மெத்துன்னு உள்ளே போகும், வண்டி நிக்காது. காலை பிரேக் மேலயே வெச்சிருக்காம, விட்டு விட்டு அழுத்துங்க. கருகின வாடை வந்தா அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அரை மணி நேரம் ஆற விடுங்க. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிடும்.

சாயங்காலம் யானை நடமாட்டம் இருக்கும். வால்பாறையில கம்பத்துல சிவப்பு லைட் எரிஞ்சா பக்கத்துல யானை நிக்குதுன்னு அர்த்தம். மதியம் சாப்பிட்டதும் திரும்பிடுங்க, இருட்டுறதுக்குள்ள ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிடலாம்.